அம்பாசடர் உதறுகிறதா? எங்கே கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

எங்கள் வீட்டு மார்க் 3 அம்பாசடர் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் லேசாக உதறும். 50இல் ஒன்றும் தெரியாது. 60இல் பின்சீட்டுக்கு அடியில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவது போல ஆரம்பிக்கும். ஒரு பட்டறையில் விட்டோம். சக்கரங்களை பேலன்ஸ் செய்தார்கள், போகவில்லை. ஷாஃப்ட்டில் கிராஸ் இரண்டையும் மாற்றினார்கள், உதறல் அதிகமாகிவிட்டது. பிறகு என்ஜின் மவுண்டிங் ரப்பர், கியர் பாக்ஸ் மவுண்டிங், பின்பக்க ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாகப் புதிது வந்தது. உதறல் மட்டும் பழையபடியே இருந்தது. "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

இப்படித்தான் இருக்கும் என்பது உண்மையில்லை. 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி இது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரின் வாரிசு. நல்ல நிலையில் இருந்தால் 70 வேகத்திலும் உள்ளே உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போகலாம். உதறுகிறது என்றால் ஏதோ ஒன்று வட்டமாகச் சுற்றவில்லை, அல்லது சுற்றும்போது ஆடுகிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க சாமான் மாற்றத் தேவையில்லை. சாக்பீஸ், அளவு நாடா, ஒரு நோட்டு, ஆள் நடமாட்டமில்லாத சாலை, காலையில் இரண்டு மணி நேரம் இருந்தால் போதும்.

அம்பாசடரை வைத்தே சொல்கிறேன், எனக்குப் பழக்கமான வண்டி அது. முன்னால் என்ஜின், பின்சக்கரத்துக்கு ஓட்டம் என்ற அமைப்புள்ள எந்தப் பழைய காருக்கும் முறை இதேதான்.

முதலில் வண்டியின் உள்கணக்கு

என்ஜின் சுற்றுகிறது. கிளட்ச் வழியாக கியர் பாக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து வண்டிக்கு அடியில் நீளமான குழாய் ஒன்று பின்னால் ஓடுகிறது. அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இரும்பு, நான்கு கைகளிலும் ஊசி பேரிங் உள்ள கிண்ணங்களோடு இருக்கும். மெக்கானிக்குகள் கிராஸ் என்பது இதைத்தான். கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டை போன்ற முனைக்கு யோக் என்று பெயர். பின்னால் ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டுக்குள் பினியன் என்ற சிறிய பல்சக்கரம், அது சுற்றிவிடும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம், அந்தச் சுற்றை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல். அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட், அப்புறம் சக்கரம்.

இதில் கவனிக்க வேண்டியது, இவை எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை என்பதுதான். சக்கரம் ஒரு வேகம், ஷாஃப்ட் ஒரு வேகம், என்ஜின் ஒரு வேகம். கோளாறு எந்த வேகத்தோடு சேர்ந்து ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் முதல் வேலை, நம் வண்டியில் இந்த மூன்றும் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது.

ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுவது

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டையோ கல்லோ அண்டை கொடுங்கள். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். தரையில் இருக்கும் இன்னொரு பின்சக்கரத்துக்கும் அண்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். செங்கல் அடுக்கி வைப்பதும் கூடாது, அது பாரம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

தூக்கிய சக்கரத்தின் டயரில் மேலே ஒரு சாக்பீஸ் கோடு. ஷாஃப்ட்டிலும் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். ஏன் இரண்டு சுற்று என்றால், ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃப்ரன்ஷியல் பாதியைத்தான் கிரவுன் வீலுக்குத் தரும்.

என் வண்டியில் அக்கா மகன் குனிந்து எண்ணினான். "மாமா, நாலு முடிஞ்சிடுச்சு, அஞ்சுக்குக் கொஞ்சம் பாக்கி" என்றான். அந்தக் கொஞ்சம்தான் விஷயம். ஐந்துக்கு அரைக்கால் குறைவு, அதாவது 4.875. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்திலிருந்து வந்த விகிதம் அது. பினியனில் 8 பல், கிரவுன் வீலில் 39 பல். உங்கள் வண்டியில் வேறு எண் வரலாம். பின்னால் வந்த மாடல்களிலும், யாராவது ஹவுசிங்கை மாற்றிய வண்டிகளிலும் வேறாக இருக்கும். எண்ணிப் பார்த்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்து, வண்டியைக் கீழே இறக்கி டயரும் தரையும் தொடும் இடத்தில் இரண்டிலும் கோடு போட்டு, சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும் வரை தள்ளி, எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். 15 அங்குல ரிம்மில் பழைய அளவு டயர் என்றால் 2 மீட்டரை ஒட்டி வரும்.

இனி கணக்கு சுலபம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று, வினாடிக்கு எட்டு சொச்சம். ஷாஃப்ட் அதைப்போல 4.875 மடங்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,440, வினாடிக்கு 40. நான்கு கியர் பாக்ஸில் டாப் கியர் என்பது நேர் இணைப்பு, ஒன்றுக்கு ஒன்று. ஆகவே டாப்பில் என்ஜினும் அதே 2,440. பிற்காலத்து ஐந்து கியர் வண்டிகளில் நேர் இணைப்பு நான்காவது கியரில் இருக்கும்.

சக்கரக் கோளாறு வினாடிக்கு எட்டு என்பதால் உடம்பைக் குலுக்கும். ஒவ்வொரு குலுக்கலும் தனியாக உறைக்கும். ஷாஃப்ட் கோளாறு வினாடிக்கு நாற்பது என்பதால் குலுக்கலாகத் தெரியாது. தரையில் வைத்த பாதம் மரத்துப்போவது போல ஒரு அதிர்வாகத் தெரியும். கிரவுன் பினியன் பல் சத்தம் இன்னும் மேலே. 8 பல், வினாடிக்கு 40 சுற்று, ஆக முந்நூற்றுச் சொச்சம். அது அதிர்வே இல்லை, ஒரு சுரம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும்.

செல்போனில் அதிர்வை அளந்து வினாடிக்கு எத்தனை என்று காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனை பின்சீட்டுக்கு முன்னால் தரையில் டேப் போட்டு ஒட்டி, 60 வேகத்தில் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 8 என்று காட்டினால் சக்கரம். 40 என்றால் ஷாஃப்ட் அல்லது என்ஜின். 80 என்று வந்தால் அது வேறு கதை, என் கதை, கீழே சொல்கிறேன். போனை ஓட்டுநர் பார்க்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்கட்டும்.

கையழுக்காகாத சோதனைகள் முன்னால்

சாலைக்குப் போகும் முன் டயரைப் பாருங்கள். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனால் பழைய வண்டி என்பது வாரக் கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டி. நின்ற இடத்தில் டயர் தட்டையாகிவிடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் உதறல் குறைந்தால் அதுதான் காரணம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வருடத்து டயரை வைத்துக்கொண்டு அதிர்வைத் தேடுவது வீண் வேலை.

ரிம்மின் உள்பக்கத்தையும் பாருங்கள். வயல் சாலையில் போய்வந்த வண்டியில் களிமண் ஒரு பக்கமாகக் காய்ந்து கெட்டியாகியிருக்கும். ஒரு கைப்பிடி மண் போதும், 70இல் ஸ்டியரிங் ஆடும். வீல் நட் இறுக்கம், டயரில் எங்காவது புடைப்பு, இவற்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டியரிங் கையில் ஆடினால் முன்சக்கரம், இருக்கையில் ஆடினால் பின்பக்கம் என்பது ஒரு குத்துமதிப்பான விதி. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சாலைச் சோதனை

விடிகாலை, சமமான சாலை, வளைவில்லாத நேர்ப்பகுதி. கூட ஒருவர் நோட்டோடு இருக்கட்டும். ஜன்னல்களை முதலில் ஏற்றியும் பிறகு இறக்கியும் கேளுங்கள். ரேடியோ, பின்னால் டிக்கியில் உருளும் ஜாக்கி, ஸ்டெப்னி, கதவுப் பையில் கிடக்கும் டார்ச், எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அரை நாள் தேடி கடைசியில் டிக்கியில் ஸ்பேனர் பை என்று முடிந்த கதை எனக்கே உண்டு.

1. டாப் கியரில் 30இலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் அதிகம், எதற்கு மேல் குறைகிறது என்று குறியுங்கள்.

2. உதறும் வேகம் 60 என்று வைத்துக்கொள்வோம். அதே 60இல் மூன்றாவது கியருக்கு இறக்குங்கள். சக்கரமும் ஷாஃப்ட்டும் அதே வேகத்தில்தான் சுற்றும், என்ஜின் மட்டும் ஒன்றரை மடங்கு ஏறும். உதறல் மாறாமல் இருந்தால் என்ஜின் தப்பித்தது.

3. இப்போது மூன்றாவது கியரிலேயே 40க்கு இறங்குங்கள். என்ஜின் அதே 2,440க்கு வந்துவிடும், ஷாஃப்ட் 1,600 சொச்சத்தில் இருக்கும். இங்கே பழைய உதறல் வந்தால் கோளாறு என்ஜின் பக்கம்: மவுண்டிங், ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், மின்விசிறி. பழைய அம்பாசடரில் என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது. அதனால் இந்த 60க்கு 40 கணக்கு மிகவும் கைகொடுக்கும்.

4. 60க்குக் கொஞ்சம் மேலே போய் நியூட்ரலில் போட்டு உருளவிடுங்கள். இஞ்சினை அணைக்காதீர்கள். உதறல் அப்படியே இருந்தால் சக்கரம் அல்லது ஷாஃப்ட். சட்டென்று போய்விட்டால், இழுவை இருக்கும்போது மட்டும் வருகிற கோளாறு: தேய்ந்த கிராஸ், பினியன் பேரிங், மவுண்டிங்.

5. அதே வேகத்தில் மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தி இழுக்கவிட்டு, காலை முழுக்க எடுத்து, பிறகு இழுக்கவும் இல்லாமல் தடுக்கவும் இல்லாமல் மிதமாக வைத்து. சத்தம் எதில் வருகிறது, எதில் மறைகிறது என்று எழுதுங்கள்.

6. நிறுத்தி வைத்து நியூட்ரலில் என்ஜினை மட்டும் ஏற்றிப் பாருங்கள். நின்ற வண்டியில் வந்தால் மேலே சொன்ன எதையும் தேட வேண்டியதில்லை.

நோட்டில் வந்தது என்ன சொல்கிறது

ஊளை போன்ற இரைச்சல், இழுக்கும்போது ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி என்றால் கிரவுன் பினியன். காலை எடுத்தபோது மட்டும் ஊளையிட்டால் பினியனின் முன் பேரிங், பினியன் நட் தளர்வு ஆகியவற்றின் மேல் சந்தேகம் போக வேண்டும். ஷாஃப்ட்டின் பின்முனை பினியனோடு போல்ட் போட்டுச் சேரும் தட்டை, அதாவது ஃபிளாஞ்சை, கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், துளிகூட ஆடக் கூடாது. பல ஆண்டுகளாக ஒரே மாதிரி ஊளையிடும் ஹவுசிங் பயப்பட வேண்டியதல்ல. புதிதாக வந்த ஊளைதான் கவனிக்க வேண்டியது. எண்ணெய் அளவு சரியாக இருந்து, சத்தம் மாதா மாதம் கூடாமல் இருந்தால் அதைப் பிரிக்காமல் விடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். பிரித்து, பழையபடி பல் பிடிப்பு வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உம்ம் என்று ஒரே சீரான முனகல் என்றால் டயரா வீல் பேரிங்கா என்று பிரிக்க வேண்டும். தார் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் கூடி இன்னொரு பக்கம் குறைந்தால் பேரிங். வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது முனகல் கூடினால் இடப்பக்க பேரிங்.

மெதுவாகத் தெருவுக்குள் திரும்பும்போது கீச் கீச் என்று குருவி கத்துவது போல, வண்டியின் வேகத்தோடு சேர்ந்து வேகமாகிறதா? கிராஸ் கிண்ணத்துக்குள் கிரீஸ் வற்றிவிட்டது. கிண்ணத்தின் ஓரத்தில் செம்மண் போலத் துருப் பொடி கசிந்திருந்தால் ஊசிகள் தூளாகிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகு கிரீஸ் அடித்துப் பயனில்லை.

நியூட்ரலில் நிற்கும்போது கொரகொர என்று கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர் பாக்ஸின் முன் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (கியர் பாக்ஸுக்குள் சுற்றும் துணை ஷாஃப்ட்). நேர்மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஒன்று, இரண்டு, மூன்றில் இரைந்து டாப்பில் அமைதியானால் லே ஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும்தான். டாப்பில் பாரம் அந்தப் பக்கமே போகாது.

வண்டி நகரத் தொடங்கும்போது மட்டும் உடம்பே குலுங்கி, ஓடத் தொடங்கியதும் சரியாகிவிட்டால் அது ஷாஃப்ட் இல்லை. கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருக்கும். அம்பாசடரில் இருந்த பழைய பி சீரீஸ் என்ஜினில் பின்பக்கம் எண்ணெய் சொட்டுவது ஊரறிந்த விஷயம். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு அடியில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

"டொக்" சத்தம்

கியரைப் போட்டு கிளட்சை விடும்போது ஒரு டொக். ஆக்சிலேட்டரை எடுத்தால் இன்னொரு டொக். இதை மட்டும் தனியாகச் சொல்லக் காரணம், இதில் குற்றவாளி ஒருவராக இருப்பதே அபூர்வம். கிராஸில் கொஞ்சம், ஷாஃப்ட்டின் வழுக்கும் ஸ்ப்ளைனில் (நீளவாக்கில் பல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று சொருகிய இணைப்பு) கொஞ்சம், டிஃப்ரன்ஷியல் பல்லில் கொஞ்சம், ஆக்சில் ஸ்ப்ளைனில் கொஞ்சம் என்று எல்லாரும் சேர்ந்து போடும் சத்தம் அது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், எல்லாவற்றுக்கும் அண்டை கொடுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இறுக்கம். அடியில் போய் ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் முறுக்குங்கள். முன் கிராஸைப் பாருங்கள். இரண்டு யோக்கும் ஒன்றாக நகர வேண்டும். ஒன்று நகர்ந்து மற்றது தாமதித்தால் தேய்மானம். ஒரு யோக் மேல் கட்டை விரலும் மற்றதன் மேல் ஆள்காட்டி விரலும் வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். பிறகு ஷாஃப்ட்டை மேலே தூக்கி இறக்கிப் பாருங்கள். அப்புறம் பின் கிராஸ், அதேபோல. முறுக்கும்போது பினியன் ஃபிளாஞ்சில் சில மில்லிமீட்டர் ஆட்டம் புதிய வண்டியிலேயே உண்டு. விரல் அகலத்துக்கு ஓடினால்தான் கவலை.

கடைசியாகப் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் யு போல்ட் நட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். அவை தளர்ந்தால் ஆக்சிலே பட்டையின் மேல் நகர்ந்து டங் என்று அடிக்கும். இந்த வண்டியில் நட்டுகள் பெரும்பாலும் இன்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்து முனையை உருட்டிவிடாதீர்கள்.

ஷாஃப்ட்தான் என்று தெரிந்த பிறகு

இங்கேதான் என் வண்டியின் கதை முடிந்தது. போன் 60 வேகத்தில் 80 என்று காட்டியது. ஷாஃப்ட் வினாடிக்கு 40, அதில் இரண்டு மடங்கு. ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல்.

கிராஸ் சாய்வாக இருக்கும்போது அது தள்ளும் ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். பின்பக்க கிராஸ் அதே அளவு எதிர்மாறாகச் செய்து சரிக்கட்டிவிடும். அதற்கு ஒரே நிபந்தனை, ஷாஃப்ட் குழாயின் இரு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒரு முனையில் கவட்டை நிமிர்ந்து நின்றால் மறுமுனையிலும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஷாஃப்ட்டில் நீளம் கூடிக் குறைய ஒரு ஸ்ப்ளைன் இணைப்பு இருக்கிறதே, அதைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டால் இந்த ஒழுங்கு போய்விடும். சரிக்கட்ட வேண்டியது சரிக்கட்டாது.

பழைய கிராஸ்கள் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தன. மாற்றியதும் சரியான முடிவுதான். மாற்றும்போது ஸ்ப்ளைனை உருவி, ஒரு பல் தள்ளிச் சொருகிவிட்டார்கள். உதறல் கூடியதும் கிராஸ் காரணமில்லை என்று எல்லாரும் முடிவு கட்டி, வேறு பக்கம் தேடப் போய்விட்டார்கள். பல வண்டிகளில் ஸ்ப்ளைனின் இரு பக்கமும் அம்புக்குறி இருக்கும். என் ஷாஃப்ட்டில் அதை நாற்பது வருட அழுக்கு மூடியிருந்தது. மண்ணெண்ணெய் துணியால் துடைத்ததும் தெரிந்தது, ஒரு அம்பு ஒரு பக்கம், இன்னொன்று வேறு பக்கம். கழற்றி நேராக மாட்டி ஓட்டினேன். பின்சீட்டில் இருந்த அம்மா, "என்னடா, வண்டி ஓடுதா நிக்குதா?" என்று கேட்டார்.

ஆகவே ஷாஃப்ட்டை யார் கழற்றினாலும், ஸ்ப்ளைனிலும் ஃபிளாஞ்சிலும் உளியால் ஒரு புள்ளி தட்டிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சாக்பீஸ் கோடு கிரீஸில் அழிந்துவிடும்.

போன் 40 காட்டினால் பேலன்ஸ் பிரச்சினை. குழாயில் நெளிவு இருக்கிறதா, தொழிற்சாலையில் ஒட்டிய சிறிய பேலன்ஸ் தகடு விழுந்து அதன் தடம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பகுதிக்குக் கருப்பு அண்டர்கோட்டிங் அடிக்கும்போது ஷாஃப்ட்டையும் சேர்த்து அடித்துவிடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது ஒரு பக்கம் தடியாக ஒட்டிக்கொண்டால் போதும், உதறல் வரும். சுரண்டி எடுங்கள். பிறகு ஃபிளாஞ்சின் நான்கு போல்ட்டையும் கழற்றி, ஷாஃப்ட்டின் பின்முனையை மட்டும் அரைச் சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். உதறல் குறைந்தாலோ கூடினாலோ சரியான தடத்தில் இருக்கிறீர்கள். புதிய கிராஸ் போட்ட வண்டி என்றால் கிண்ணங்களைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையம் நான்கும் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கின்றனவா பாருங்கள். ஒரு பக்கம் கிண்ணம் உள்ளே தள்ளியிருந்தால் ஷாஃப்ட் மையம் விலகிச் சுற்றும்.

அதற்கும் மசியாவிட்டால் ஹோஸ் கிளிப் வைத்தியம். ஷாஃப்ட்டின் பின்முனைக்கு அருகே குழாயைச் சுற்றி நான்கு இடத்தில் 1, 2, 3, 4 என்று குறியுங்கள். ஒரு ஹோஸ் கிளிப்பைத் திருகுத் தலை 1இல் இருக்குமாறு மாட்டி இறுக்கி, அதே சாலையில் ஓட்டுங்கள். பிறகு 2, 3, 4. எதில் குறைவோ அங்கே வைத்துக்கொண்டு, இரண்டாவது கிளிப்பையும் அங்கேயே மாட்டுங்கள். அதிகமாகிவிட்டால் இரண்டு தலைகளையும் அந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பாருங்கள். ஒரு காலைப்பொழுது போய்விடும், ஆனால் பலிக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் அப்படியே கழற்றி லேத் பட்டறையில் பேலன்ஸ் செய்யக் கொடுக்கலாம்.

ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்ப்பது பற்றி

எனக்கு இது பிடிக்காது. இருந்தாலும் பலர் செய்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஸ்டாண்டை பாடிக்கு அடியில் வைத்தால் ஆக்சில் கீழே தொங்கி, கிராஸ் சாய்வு கூடி, இல்லாத உதறல் வரும். ஆக்சில் குழாய்க்கு அடியில்தான் வைக்க வேண்டும். மெட்ராசில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். அதில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனியாக ஊசலாடும் அமைப்பு, பக்க ஷாஃப்ட்டுகளிலும் கிராஸ் உண்டு. தூக்கினால் சக்கரம் கால் மடங்கித் தொங்கும். அந்த நிலையில் ஓட்டினால் வரும் சத்தத்துக்கு அர்த்தமே கிடையாது. 1971இல் வந்த கெஸல் மாடலில் நேர் ஆக்சிலுக்கு மாறிவிட்டார்கள், அதற்கு அம்பாசடர் முறையே போதும்.

ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை மட்டும்தான். பின்பக்கம் தூக்கியதும் வண்டியை நிறுத்த முன்சக்கர அண்டையைத் தவிர எதுவுமில்லை. ஷாஃப்ட் சுற்றும்போது அடியில் யாரும் போகக் கூடாது, லுங்கி வேட்டியோடு பக்கத்தில் குனியவும் கூடாது. பேரிங் சத்தம் கேட்க வேண்டுமென்றால் என்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஹவுசிங்கில் வைத்து பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். கெட்ட பேரிங் மணலை அரைப்பது போலக் கேட்கும்.

எண்ணெயில் கிடைக்கும் தடயம்

ஹவுசிங் எண்ணெயை இறக்கும்போது ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து, அதற்குள் காந்தத்தை ஓட்டுங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று மசி போல ஒட்டினால் வயதுக்கேற்ற தேய்மானம். ஊசி ஊசியாக, செதில் செதிலாக வந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது, வண்டியை நிறுத்திவிடுங்கள். கியர் பாக்ஸ் எண்ணெயில் காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் அது பித்தளை, கியர் மாறும்போது வேகத்தை ஒத்துவைக்கும் சின்க்ரோ வளையம் தேய்கிறது.

திரும்ப ஊற்றும்போது கைப்புத்தகத்தைப் பாருங்கள். ஹவுசிங்குக்கு ஹைப்பாய்டு வகை 90 எண்ணெய். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. பி சீரீஸ் குடும்பத்துப் பழைய கியர் பாக்ஸ்கள் என்ஜின் ஆயில் கேட்பவை. கடுமையான ஹைப்பாய்டு எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது.

பட்டறைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் வண்டியோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுங்கள். என் வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில் இன்னும் இருக்கும் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "டாப்பில் 58இல் ஆரம்பம், 65இல் அதிகம். மூன்றாவது கியரில் 60இலும் அதே. மூன்றாவதில் 40இல் இல்லை. நியூட்ரலில் உருண்டாலும் உண்டு. போனில் 80. சக்கரம் பார்த்தாயிற்று."